எட்டும் பதினாலும்

இருட்டறையில் நுண்ணோக்கியின் மேல் குனிந்திருந்த அர்ச்சனா நூற்றுப் பன்னிரண்டாவது செல்லில் நின்றுவிட்டாள். அதுவரை பார்த்ததில் எல்லாம் சிவப்புப் புள்ளிகளும் பச்சைப் புள்ளிகளும் தனித்தனியாகத்தான் இருந்தன. இதில் சிவப்பும் பச்சையும் ஒட்டிக்கொண்டு மஞ்சளாக மின்னின. ஒன்று என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். அடுத்த இருபது செல்களுக்குள் இன்னும் நான்கு வந்தன.

ஸ்லைடில் எண் மட்டும்தான். ஆனால் யாருடைய எலும்பு மஜ்ஜை என்று அவளுக்குத் தெரியும். ரெங்கசாமி, கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டுபவர். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் இந்த ஆய்வுக்கூடத்தைத் துடைக்கும் நல்லம்மாளின் கணவர். ஐந்து மாதத்துக்கு முன் வயிற்றுக் கட்டி என்று வந்த அவருடைய முதல் மாதிரியிலும் இதே மஞ்சளைப் பார்த்து, புற்றுநோய் என்று அறிக்கை எழுதியவள் அர்ச்சனாதான். மருந்து ஏறியது, முடி கொட்டியது, கட்டியும் கரைந்தது. போன மாதம் நல்லம்மாள் எல்லோருக்கும் கேசரி கிண்டிக் கொண்டுவந்தாள். நோய் முழுதாகப் போய்விட்டதா என்று உறுதிசெய்ய எடுத்ததுதான் இந்த மாதிரி.

எண்ணவேண்டிய இருநூறு செல்களையும் எண்ணி முடித்தாள். இரண்டாவது ஆளாகச் சரிபார்த்த பிரவின் அதே கணக்கைச் சொல்லிவிட்டு எழுந்து போனான்.

வெளியே நல்லம்மாள் நடைபாதையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முடிவு வந்துவிட்டதா என்று கேட்டாள். வியாழக்கிழமை டாக்டர்தான் சொல்லவேண்டும், அதுதான் விதி. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அர்ச்சனா ஒரு கணம் தாமதித்துவிட்டாள். நல்லம்மாளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

அவள் அழவில்லை. துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு, தணிந்த குரலில் காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். வீட்டில் கொசு மருந்து அடித்தது, அவர் வெயிலில் லோரிக்குள்ளேயே பொட்டலச் சோறு தின்றது, பத்துமலைக்கு நேர்ந்த பால்குடத்தை இரண்டு வருஷமாகத் தள்ளிப் போட்டது.

"இதுல எது, மிஸ்? அத மட்டும் சொல்லுங்க."

அர்ச்சனா தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். வருகிற கிருமியை எல்லாம் அடையாளம் காண, ரத்தத்தில் சில செல்கள் தங்கள் மரபணுவைத் தாங்களே வெட்டி, புதுசாக ஒட்டிக்கொள்ளும். அப்படித்தான் ஒவ்வொரு காய்ச்சலிலும் நாம் பிழைக்கிறோம். அவர் உடம்பில் என்றோ ஒரு நாள், ஒரே ஒரு செல்லில், பதினாலாம் குரோமோசோமின் வெட்டுவாயில் எட்டாம் குரோமோசோமின் துண்டு போய் ஒட்டிக்கொண்டது. நுண்ணோக்கியில் மஞ்சளாகத் தெரிவது அந்த ஒட்டுதான். 'பெருகு' என்று ஏவுகிற துண்டு அது. அதன்பின் அந்தச் செல்லுக்கு நிற்கத் தெரியவில்லை.

"யாரும் எதுவும் பண்ணல ஆன்டி. நம்மளக் காப்பாத்துற வேலையில நடந்த பிழை."

பாரம் குறையும் என்றுதான் அதைச் சொன்னாள். நல்லம்மாள் ஈரத்தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"யாரும் பண்ணலன்னா, நான் யாருகிட்ட போயி கேக்குறது?"

எந்த இடத்தில் உடைந்தது என்று அர்ச்சனாவால் விரல்வைத்துக் காட்ட முடியும். அவ்வளவுதான் முடியும்.

நல்லம்மாள் வாளியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குப் போனாள். கதவு திறந்தது. அவள் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றுவிட்டாள். மூட வந்த கதவு அவள் தோளில் இடித்துப் பின்வாங்கியது. மறுபடி வந்தது, இடித்தது, பின்வாங்கியது.