பத்தொன்பது பேர் வீடு

எண்ணெய் ஆலையின் ஊழியர் குடியிருப்பில், ஐந்து பேருக்குக் குறைந்த குடும்பம் எதுவும் தரையில் நிற்பதில்லை. ஒருவர், இருவர் என்றால் முகம் தெரியாத உயரம். மூவர், நால்வர் என்றால் மொட்டைமாடிக்குச் சற்று மேலே மிதந்தபடி துணி உலர்த்துவார்கள். ஐந்து பேரானால் கால் தரையில் படும், நடையும் சரளமாக இருக்கும், ஆனால் மேல்மாடியில்தான் குடியிருப்பு. ஆள் கூடக் கூட நடை மந்தமாகும், வீடும் ஒவ்வொரு மாடியாகக் கீழே வரும். பக்கத்தில் எண்ணெயைப் பிரிக்கும் ஆலைக் கோபுரத்திலும் இதே கதைதான். உலையில் காய்ச்சிய கச்சா எண்ணெய் ஆவியாகி ஏறும். மேலே போகப் போகச் சூடு குறையும். தார் அடியிலேயே தங்கிவிடும், டீசலும் மண்ணெண்ணெயும் நடுத்தட்டுகளில் குளிர்ந்து வடியும், பெட்ரோல் அதற்கும் மேலே, எரிவாயு எங்கும் நிற்காமல் உச்சி வழியாகப் போய்விடும். அதைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு வீட்டில் நடப்பது அதிசயமாகப் படவில்லை. புதிதாக வருபவர்களிடம் எத்தனை தலை என்று கேட்டு, அதற்கேற்ற மாடியைக் காட்டினார்கள்.

தரைத்தளத்தில் பத்தொன்பது பேர் கொண்ட கூட்டுக்குடும்பம் ஒன்று இருந்தது. மெழுகு வீடு என்பார்கள். மழை அவர்கள்மேல் ஒட்டாது, யார் திட்டினாலும் உறைக்காது, எந்த வம்புக்கும் போகமாட்டார்கள். தீப்பெட்டியை மட்டும் பூட்டி வைத்திருந்தார்கள். குறை ஒன்றுதான், அசைவு கிடையாது. மூன்றாவது மகன் கோபுரத்தில் வேலை பார்த்தான். அங்கே பம்பரமாகச் சுழல்பவன், வீட்டுப்படி மிதித்ததும் உறைந்துபோவான். செருப்பைக் கழற்றுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மனைவி பக்கம் முகத்தைத் திருப்புவதற்குள் அவள் தூங்கிப்போவாள். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவர்கள் ஒரு பேச்சையும் முடித்ததில்லை. பாவம், அவளுக்கு வேண்டியதெல்லாம் அவனோடு வாய்விட்டுப் பேச ஓர் இடம்.

கோடை உச்சத்தில் வீடு கொஞ்சம் இளகிய மதியம், கனமான எண்ணெயை எப்படித்தான் மேலே ஏற்றுவீர்கள் என்று அவனிடம் கேட்டாள். "அது ஏறாது. ரொம்ப சூடாக்கி உடைக்கணும்" என்றான். அவள் அன்றே சூடாக்கத் தொடங்கினாள்.

"நாங்க தனியா போறோம், அத்தை."

மாமியாருக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. "ரெண்டே பேர் எப்படிம்மா தரையில நிப்பீங்க? காத்தோட போயிடுவீங்களே!" என்று அழுதாள். பேச்சுக்குப் பேச்சு வளர்ந்தது. வாயே திறக்காத ஓரகத்திகள்கூடப் பழைய கணக்கையெல்லாம் எடுத்தார்கள். சுவரில் சுண்ணாம்பு பொரிந்தது, குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டியது. கடைசியில் பெரியவன் தம்பியைப் பார்த்து "போடா" என்றான். அந்த நொடியில் ஏதோ அறுந்தது. வெளியே வந்த இருவருக்கும் பிடித்துக்கொள்ள வேறு யாரும் இல்லாததால் நான்கு கைகளையும் கோத்துக்கொண்டார்கள். அப்படியே படிக்கட்டு வழியாக எழும்பி, மொட்டைமாடியைத் தாண்டி, கோபுரத்துக்கும் மேலே போய் நின்றார்கள். விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கினார்கள்.

கீழே பதினேழு பேராகக் குறைந்த வீடு, வெயில் தணிந்த பிறகும் உறையவில்லை. மாமியார் பல வருடங்களுக்குப் பிறகு தன் காலால் வாசலுக்கு நடந்து வந்தாள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்ததை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. அண்ணாந்து பார்த்தாள். இரண்டு புள்ளிகள், எது மகன், எது மருமகள் என்றே தெரியவில்லை. மனசு கேட்கவில்லை.

"சாப்டீங்களா?" என்று கத்தினாள். "ஆலையில மிச்ச வாயு எரியுற அந்த நெருப்புக் குழாய் பக்கம் போகாதீங்க! சீக்கிரம் ஒண்ணப் பெத்துக்கோங்க, கொஞ்சமாச்சும் கீழ வருவீங்க. மூஞ்சியாவது தெரியும்ல!"

தெருவே சிரித்தது. அடுத்த வருடம் அவர்கள் மூவராகி, மொட்டைமாடி உயரத்துக்கு இறங்கினார்கள். மாமியார் மூச்சு வாங்க எல்லாப் படியும் ஏறிப் போய், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். குழந்தைக்குத் தன் மூக்கு என்றாள். மருமகள் மறுக்கவில்லை.