இருபது என்று எழுதிய மூச்சு

நெஞ்சு ஏறுகிறது, இறங்குகிறது, அதைப் பார்த்து எண்ணிக்கொண்டு நிற்கவேண்டியது ஒரே ஒரு நிமிடம், அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் எமீமாவுக்கு அன்று பொறுமையில்லை, நர்சிங் முதலாமாண்டு, முப்பது கட்டில், கடுக்கும் கால், மெஸ்ஸில் சாப்பாடு தீர்ந்துவிடும் அவசரம், எல்லாரும் எழுதுவதைப்போல மூச்சு இருபது என்று அட்டவணையில் எழுதிவிட்டு ஓடுகிறாள், சாப்பிட்டுட்டு வாம்மா என்றுகூடச் சொன்னாள் கடைசிக் கட்டிலில் கிடந்த பூங்கோதையம்மாள், வந்து பார்த்தால் அவள் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. ஒருவரும் எமீமாவைக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், திட்டியாவது இருக்கலாம்.

இருபத்திரண்டு வருடம் ஓடி, இன்று அவளே மேடம், திருநெல்வேலியில் நெறிமுறை வகுப்பு, நோயாளிக்கு நன்மை செய், தீமை செய்யாதே என்று பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள், இதே வரிகளை இதே ராகத்தில் அவளும் ஒப்பித்து முழு மதிப்பெண் வாங்கியவள்தானே, புத்தகத்தை மூடுகிறாள், சொன்னால் நாளைக்கு எவள் மதிப்பாள், முதலாமாண்டுல ஒரு அம்மாவுக்கு நான் மூச்சை எண்ணலைம்மா, எண்ணாமலே இருபதுன்னு எழுதினேன், அந்தம்மா செத்துப்போனாங்க, சொல்லியே விட்டாள். பின் வரிசையில் பேராச்சி, வகுப்பிலேயே பெரிய வாயாடி, எழுந்து நின்று அழுகிறாள், மேடம், காலைல பதினாலாம் பெட்டு அக்காவுக்கு நானும் எண்ணல, இருபதுன்னு போட்டுட்டேன். திட்ட வந்த வாயை எமீமா அடக்கிக்கொண்டாள், ஏட்டி, இங்க நின்னு அழுதா ஆச்சா, வா.

வார்டில் அந்த அக்கா கண்ணை மூடிக் கிடந்தாள், தூங்குவதாக எல்லாரும் நினைத்திருந்தார்கள், பேராச்சி கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினாள், ஒரு முழு நிமிடம், இருபதுக்குள் இருக்கவேண்டிய மூச்சு முப்பத்தாறு. டாக்டர் ஓடி வந்தார், ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், நல்லவேளை, இப்பவாவது பாத்தீங்க என்றார் டாக்டர், சாயங்காலம் அந்த அக்கா கண் விழித்து ஒரு வாய் காப்பி கேட்டாள், எமீமாவுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. அட்டவணையை நெஞ்சோடு அணைத்தபடி பேராச்சி, மேடம், காலைல எழுதினத வெள்ளை மை வச்சு அழிச்சிரட்டுமா? அழிக்காதட்டி, ஒரே ஒரு கோடு போடு, கீழ உள்ளது தெரியணும், எண்ணலன்னு எழுதி உன் பேரப் போடு. பெரிய சிஸ்டர் பார்த்தா ஏசுவாங்களே மேடம். ஏசட்டும், நானும் கூட நிக்கேன். பேராச்சி கோடு போட்டு, எழுதிக் கையெழுத்திட்டாள், பேனாவை வாங்கி, அதற்குக் கீழே எமீமாவும் தன் பெயரை எழுதினாள்.