கனகசுந்தரம் வீட்டுச் சாக்கடை

ஆங்கிலேயக் கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற கனகசுந்தரம், டவுனில் டத்தோ கிராமாட் சாலையில் இருந்த வாடகை மாடியைக் காலி செய்துவிட்டு, பாலிக் புலாவ் மலைச்சரிவில் பாழடைந்து கிடந்த துரை பங்களா ஒன்றை வாங்கினார். சேமிப்பும், தாலிக்கொடி நீங்கலாக மனைவி நல்லம்மாவின் நகைகளும் அதன் கூரைக்கும் மரப்படிகளுக்கும் போயின. 'புராதன மாளிகை, இயற்கைப் பண்ணை, விருந்தினர் வருக' என்று வாசலில் பலகை மாட்டினார். விருந்தினர்தான் வரவில்லை.

பண்ணை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். முன்பக்கம் நாலு பாத்தி, அவ்வளவுதான். சீமையிலிருந்து தருவித்த விதையில் லெட்டூஸும் கேரட்டும் போட்டிருந்தார். உரமில்லை, மருந்தில்லை, கடைசியில் பயிருமில்லை. வெயிலுக்குத் தப்பியதை நத்தை தின்றது. பின்பக்கத்திலோ துரை காலத்து டுரியான் மரங்கள், முள்தோலும் ஊரைத் தூக்கும் வாடையுமான பழங்களை, எவருடைய தயவும் இல்லாமல் காய்த்துத் தள்ளின. அவற்றைப் பண்ணையில் சேர்ப்பது கௌரவக் குறைச்சல் என்று விட்டுவிட்டார்.

இந்த நிலையில், கோலாலம்பூர் பத்திரிகை ஒன்றில் பயணக் கட்டுரை எழுதும் பிரெண்டா என்ற வெள்ளைக்காரப் பெண் இரண்டு நாள் தங்க வருவதாகத் தகவல் வந்தது. நாலு வரி நல்லதாக எழுதினால் பங்களா பிழைக்கும். இல்லையென்றால் விற்றுவிட்டு டத்தோ கிராமாட்டுக்கே திரும்ப வேண்டும். மைத்துனர் விஸ்வலிங்கத்தின் "நான் அப்பவே சொன்னேனே"வை ஆயுசு முழுக்கக் கேட்க வேண்டும்.

வருவதோ சரியாக டுரியான் சீசனில். கனகசுந்தரம் உடனே பக்கத்து வீட்டு ஹாஜராவைக் கூப்பிட்டார்.

"ஹாஜரா, விழற பழமெல்லாம் நீயே எடுத்துக்க. சீசன் முழுக்க. எனக்கு ஒரு கொட்டைகூட வேணாம், முருகன்மேல சத்தியம்! வெள்ளைக்காரங்களுக்கு அந்த நாத்தம் ஆகாது லா."

"நெசமாவா அண்ணே?" என்ற ஹாஜரா, அவர் மனம் மாறுவதற்குள் சாக்கோடு வந்துவிட்டாள்.

"ஒன்னு வெட்டிக் குடுத்துத்தான் பாருங்களேன்," என்றார் நல்லம்மா.

"ஒனக்கு என்ன தெரியும்? முப்பது வருஷம் வெள்ளைக்காரங்களோட இருந்தவன் நான்."

இருந்தது வாஸ்தவம். ஒரு நாளும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

பிரெண்டா வந்தாள். வீடெங்கும் சாம்பிராணி. மேசையில் வேகவைத்த கேரட். அதுவும் பாசார் கடையில் வாங்கியது. மறுநாள் காலை வராந்தாவில் நின்றவள் மூக்கை உயர்த்தி, "என்ன வாசனை அது?" என்று ஆவலோடு கேட்டாள்.

"சாக்கடை, மேடம். கொஞ்சம் அடைத்துக்கொண்டது," என்று கூசாமல் சொன்னார் கனகசுந்தரம்.

மாலைத் தேநீருக்கு அவளைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனால், ஹாஜரா வீட்டுப் பாயில் சப்பணமிட்டு, இரண்டு கையும் மஞ்சளாக உட்கார்ந்திருக்கிறாள். சுற்றிலும் டுரியான் தோல்.

"மிஸ்டர் கனகசுந்தரம்! இதற்காகத்தானே நான் வந்ததே! இந்த அற்புதமான மரங்கள் யாருடையவை?"

ஹாஜரா அவரைப் பார்த்தாள். "சொல்லட்டுமா அண்ணே?"

சொன்னால் சாக்கடை என்ன ஆவது? "எனக்குத் தெரியாது," என்றார் கனகசுந்தரம். வாயில் ஊறிய எச்சிலை விழுங்கிக்கொண்டுதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ஹாஜராவுக்கு அரைப் பக்கம், படத்தோடு. மாளிகைக்குக் கடைசியில் இரண்டு வரி: 'அருகிலேயே அழகாகப் புதுப்பிக்கப்பட்ட பழைய பங்களா ஒன்று உண்டு. சாக்கடை சரியில்லை என்று உரிமையாளரே சொல்கிறார்.'

அடுத்த சனிக்கிழமை கார்கள் வந்தன. கனகசுந்தரம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினார். ஒவ்வொரு காரும் கண்ணாடியை இறக்கி, "அங்கிள், ஹாஜரா வீடு எது?" என்று கேட்டுப் போனது. நாள் முழுக்கக் கையை நீட்டி வழி காட்டினார்.

சாயங்காலம் மானம் ஒருபக்கம், நாக்கு ஒருபக்கம் இழுக்க, நாக்குதான் ஜெயித்தது. ஹாஜரா வீட்டு வரிசையில் போய் நின்றார்.

அவரைக் கண்டதும் ஹாஜரா பதறிவிட்டாள். "என்னா அண்ணே, ஒரு கொட்டைகூட வேணாம்னு சாமி மேல சத்தியம் பண்ணீங்களே! குத்தமாயிடாதா?"

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. பின்னால் நின்ற இளைஞன் அவர் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"அங்கிள், பேப்பர்ல வந்த அந்த சாக்கடை பங்களா நீங்கதானே?"

"இல்ல தம்பி," என்றார் கனகசுந்தரம். "நான் டத்தோ கிராமாட்டுக்காரன்."