இலைத்தூண்

வாசல் தூணின் தலையில் அப்பாவின் வெள்ளை வேட்டி ஒன்றைச் சுற்றிக்கொண்டிருந்தாள் ஷெர்லின். உள்ளே கூடத்தில், ஐஸ் பெட்டிக்குள் அப்பா ஜெபசிங் படுத்திருந்தார். முந்தின நாள் சாயங்காலம் காலடிப்பேட்டையில் தன் பலசரக்குக் கடையில் எண்ணெய் டின்னைத் தூக்கப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழவில்லை.

"ஏட்டி, என்னத்தச் செய்யுத?" அம்மா சுகிர்தம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பெயிண்ட் உதிருதும்மா. வர்றவங்க மேல விழும்."

"அவுத்துப் போடு. அவிய ஆசையாக் கட்டுனது. போவும்போதாவது பாத்துக்கிட்டுப் போவட்டும்."

அவிழ்த்தாள். கல்லூரித் தோழிகள் வந்துகொண்டிருந்தார்கள். நேராகக் கல்லறைக்கே வந்துவிடுங்கள் என்று அவள் அனுப்பிய செய்தியை ஒருத்தியும் மதிக்கவில்லை.

அவர்கள் இந்தத் தூண்களை ஏற்கெனவே பார்த்தவர்கள். போன மாதம் ஓவியக் கல்லூரியில், பழங்கால அலங்கார பாணிகளைப் பற்றி ஷெர்லின் பேசியபோது, கிரேக்கக் கோயில் தூணுக்குப் பக்கத்தில் இந்தத் தூணின் படத்தையும் திரையில் போட்டாள். வாசலில் உயரம் போதவில்லை என்று கொத்தனார் தூணைப் பாதியாகக் குறுக்கிவிட்டு, உச்சியில் வரவேண்டிய இலைக்கொத்தை மட்டும் முழுசாக வைத்திருந்தார். அது ஆளின் முகத்துக்கு நேரே பிதுங்கி நின்றது. போதாததற்குத் தங்க பெயிண்ட் வேறு.

"இன்னாடி இது, தூணு மண்டைல முட்டைகோஸ் மொளச்சிகீது!" என்று ரிஃபானா மேஜையைத் தட்டினாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. யார் வீடு என்று ஆசிரியர் கேட்டார்.

"தெரியல சார். போற வழியில எடுத்தேன்."

அவள் படம் எடுத்ததைப் பார்த்திருந்த அப்பா, அன்றைக்குச் சாப்பிடும்போது, தூணைக் காட்டினாயா, என்ன சொன்னார்கள் என்று கேட்டார். எல்லாருக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது என்றாள். மனிதர் அதை நம்பி, மறுநாள் மிளகாய் வாங்க வந்தவர், உப்பு வாங்க வந்தவர் என்று ஒருவர் விடாமல் சொல்லித் தீர்த்தார்.

ஆட்டோ வந்து நின்றது. முதலில் இறங்கி வந்த ரிஃபானா செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தாள். தங்க இலை அவள் முகத்துக்கு நேரே இருந்தது. அதைப் பார்த்தாள், பிறகு ஷெர்லினைப் பார்த்தாள். ஷெர்லின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சுகிர்தம் ரிஃபானாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவகூடப் படிக்கியளா மக்கா? இந்தத் தூணு நல்லாருக்குன்னு சொன்னியளாம்லா. மொத வருசம் இவ வரஞ்ச படத்தக் கொத்தனாருட்டக் குடுத்து, இதேமாதிரி வேணும்னு கூடவே நின்னு கட்டுனாவ. எம்மவ வரஞ்சதுன்னு அப்பிடி ஒரு பெரும."

ரிஃபானா மறுபடியும் அந்தத் தங்க இலையைப் பார்த்தாள்.

"ஆமாம்மா," என்றாள் ரிஃபானா. "சூப்பரா கீதுன்னுதான் சொன்னோம்."

கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால்கூட ஷெர்லின் தாங்கியிருப்பாள்.

ஜெபம் முடிந்து சவப்பெட்டியை மூடித் தோளில் ஏற்றினார்கள். இரண்டு தூண்களுக்கும் இடையே பெட்டி நுழையச் சரியாகத்தான் இடம் இருந்தது.

"பாத்து, பாத்து. தூணுல இடிச்சிராதிய," என்று பெரியப்பா மகன் ஜோபின் பின்னாலிருந்து சத்தம் போட்டான்.

ஷெர்லின் முந்திக்கொண்டு ஓடி, பிதுங்கி நின்ற இலையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். பெட்டியின் பித்தளைப் பிடி அவளுடைய புறங்கையை உரசிக்கொண்டு நகர்ந்தது. தோல் உரிந்தது. கடைசி ஆள் வாசலைத் தாண்டும்வரை அவள் கையை எடுக்கவில்லை.