காதரிடம் கேட்க வேண்டியது

சங்கக் கூட்டத்துக்காக முன்கூடத்தில் விரித்திருந்த பாய்களை மர்லியா அள்ளிச் சுருட்டினாள். இறந்துபோன வாப்பாவைக் குளிப்பாட்ட இடம் வேண்டும்.

"அந்தப் பாய மட்டும் விடு புள்ள. ஜனாஸாவ அதுல வைக்கலாம்" என்றான் அண்ணன் ஹுமைத்.

கூட்டம் அன்று நண்பகல் ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு நடப்பதாக இருந்தது. வாப்பா ஸஹாப்தீன் அதிகாலையில் சுபஹுத் தொழுதுவிட்டு, நெஞ்சை என்னவோ செய்கிறது என்று சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அகில இலங்கைத் துடுப்புச் சங்கம் என்றால் பெயர்தான் பெரிது. பதுளைக் கிளையில் பஸார் கடைக்காரர்கள் சிலர். பாதிப் பேருக்கு நீந்தவே தெரியாது என்று ஊர் கேலி பேசும். பெரிய யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருஷம், பதுளு ஓயா ஆற்றில் செந்தண்ணீர் புரண்டோடிய ஒரு நாள், போட்டி நெருங்கிவிட்டது என்று பிடிவாதமாகத் தோணியை இறக்கியவர் ஸஹாப்தீன். வேண்டாம் என்ற சங்கத்துக் காதரை எல்லோர் முன்னாலும் பயந்தாங்கொள்ளி என்று ஏசி ஏற்றினார். தோணி கவிழ்ந்தது. காதர் மட்டும் உயிரோடு கரையேறவில்லை. கிளையும் அத்தோடு சரி. காதரின் அண்ணன் இப்றாஹீம் அதன்பின் ஸஹாப்தீன் கடை இருந்த தெருவிலேயே நடப்பதில்லை.

யுத்தம் முடிந்து, கொழும்பில் சங்கத்துக்கு மறுபடி உயிர் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் வாப்பா கடை கடையாக ஏறி இறங்கினார். இந்த வயதில் இதென்ன ஆசை என்று சிரித்தார்கள். அவருக்குத் துடுப்பும் வேண்டாம், தோணியும் வேண்டாம் என்பது மர்லியாவுக்கு மட்டும் தெரியும்.

"கூட்டம்னா இப்றாஹீம் வருவான் புள்ள. காதர எல்லார் முன்னாலயும்தானே ஏசினேன்? எல்லார் முன்னாலயும் மாப்பு கேட்டுடுறேன்" என்று சொல்லியிருந்தார்.

இப்றாஹீம் வரச் சம்மதித்துவிட்டார் என்று நேற்றுத்தான் செய்தி கிடைத்தது. வாப்பா மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இந்த மரணம் ஒரு பகல் பொறுத்திருக்கக் கூடாதா?

கபன் துணி உடுத்தி முகம் பார்த்து முடிந்ததும் பெண்கள் திரைக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். பக்கத்து வீட்டு ரஹ்மத்தும்மா, உம்மாவைத் தாங்கிப் பிடித்தபடி, "இப்றாஹீமும் வந்திருக்காராம்" என்று முணுமுணுத்தாள். மர்லியா திரையோடு ஒட்டி நின்றாள். பார்க்க முடியாது, காதுதான் துணை.

சந்தூக்குப் பெட்டியைத் தூக்கும் முன் மகன் கேட்க வேண்டியதை ஹுமைத் கேட்டான்.

"எங்க வாப்பா யாருக்காவது மனசு நோகும்படி ஏதாச்சும் செஞ்சிருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சுப் பொருந்திக்குங்க."

"பொருந்திட்டோம், பொருந்திட்டோம்" என்று கூடம் நிறையக் குரல்கள். அவள் தேடிய குரல் அதில் இல்லை. தொழுகை நடத்தும் லெப்பைக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

"இப்றாஹீம், நீங்க ஒண்ணும் சொல்லலியே?"

வெளியே மழை தூறுவது கேட்டது.

"எனக்குச் செஞ்சத நான் பொருந்திட்டேன்" என்றார் இப்றாஹீம். "தம்பிக்குச் செஞ்சத நான் எப்படிப் பொருந்துறது லெப்பை? அத அவன்கிட்டதான் கேக்கணும்."

"மையித்து முன்னால இப்படியா பேசுறது?" என்று ஒருவர் கடிந்துகொண்டார். கலிமா முழங்க சந்தூக்கு வாசலைத் தாண்டியது. பாதி மன்னிப்போடு போகிறாரே என்று மர்லியா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். இப்றாஹீமை மனதாரச் சபித்தாள்.

ஆண்கள் திரும்பி வந்தபோது மலையெல்லாம் மேகம் மூடிக் கிடந்தது. ஹுமைத் புறவாசலுக்கு வந்து குந்தினான். அவள் செம்பில் தண்ணீர் மொண்டு வந்தாள்.

"நானா, அந்த மனுஷன் மையவாடிக்கு வந்தாரா?" என்று அண்ணனைக் கேட்டாள்.

"வந்தாரு. நாங்க குளிப்பாட்டிக்கிட்டு இருந்தப்பவே ஒரு தடவ அங்க போயிருக்காரு. குழி வெட்டுறவங்களுக்கு அவருதான் எடம் காட்டினாராம்."

"எந்த எடம்?"

"காதர் மாமாவுக்குப் பக்கத்துல."

மர்லியா செம்போடு அவன் பக்கத்தில் குந்தினாள்.

"வேற எடம் இல்லியா?"

"நெறைய இருந்திச்சு."

ஹுமைத் கைகளை நீட்டினான். அவள் செம்பைச் சரித்தாள். விரலிடுக்கில் ஒட்டியிருந்த மண் கரைய நேரமாயிற்று. தண்ணீர் தீர்ந்ததும் இன்னொரு செம்பு மொண்டு வந்து ஊற்றினாள்.