லாரி வீட்டின் கதவு

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது பிறந்தது. அக்கா போன் செய்தாள்.

"வீட்ட வித்துட்டோம்டி."

கத்தி விரலில் இறங்காதது என் நல்ல நேரம். எந்த வீட்டை என்று கேட்டேன், ஏதோ அவளுக்குப் பத்து வீடு இருப்பதுபோல.

"இருந்ததே ஒண்ணுதானே. அதத்தான். ஒரு லாரி வாங்கியிருக்கோம், பழசு. முன்னாடி கேபின் இருக்கு, பின்னாடி வெறும் இரும்புச் சட்டம். அதுமேல உங்க அத்தான் ஒரு வீடு கட்டப்போறார். இனிமே அதுலதான் இருப்போம். ஊர் ஊரா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். ஏற்கெனவே வாணலியில் போட்டிருந்த வெங்காயம் கருகும் வாசனை வந்த பிறகுதான், இதைக் கதையாக எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.*

* அக்கா எங்கே படுப்பாள், மழைக்கு என்ன செய்வாள் என்ற கவலையெல்லாம் அதற்கும் பிறகுதான் வந்தது. எழுதுகிறவர்களை வீட்டில் வைத்திருப்பவர்கள் பாவம்.

2

முதல் தொடக்கம்: "சக்கரம் முளைத்த வீடு ஒன்று இருந்தது. அது

[விட்டுவிட்டேன். படம் போட்ட குழந்தைப் புத்தகம் மாதிரி இருக்கிறது.]

இரண்டாம் தொடக்கம்: "மனிதன் ஏன் ஓரிடத்தில் தங்கத் தொடங்கினான் என்ற கேள்விக்கு விடை தேடுகையில்

[இதையும். நானே படிக்க மாட்டேன்.]

மூன்றாம் தொடக்கம்: "நேராக நிற்காத எதையும் தூக்குக்குண்டுக்குப் பிடிக்காது."

இது இருக்கட்டும். தூக்குக்குண்டு என்பது அத்தானுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர். அவர் கட்டடக் காண்டிராக்டர். சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் நூலில் கட்டித் தொங்கவிடுகிற இரும்புக்குண்டு ஒன்று எப்போதும் அவர் பையில் கிடக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் கோணலாகத் தொங்கும் படத்தை நிமிர்த்திவிட்டுத்தான் உட்காருவார். காபி ஆறிப்போனாலும் பரவாயில்லை.

3

அவரை நம்பலாம். அக்கா என்கிற கதாபாத்திரத்தைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. பக்கத்துத் தெருவுக்குப் போவதென்றாலும் பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்கிறவள், பூட்டோடு சேர்த்து வீட்டையே விற்க எப்படிச் சம்மதிப்பாள்? வாசகர் என்னைச் சும்மா விட மாட்டார். அவளிடமே கேட்டுவிட்டேன்.

"எனக்கே நம்பிக்கை இல்ல, நீ எப்படி நம்புவ?" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "பிள்ளைங்க ஆளுக்கொரு பக்கம் போயாச்சு. ஆளில்லாத ரூமையெல்லாம் பெருக்கிப் பெருக்கி இடுப்பு போச்சு. இதுல மொத்தமே ஒரு ரூம்தான்" என்றாள்.

இதைவிட நல்ல காரணத்தை என்னால் இட்டுக்கட்ட முடியவில்லை. அப்படியே வைத்துக்கொண்டேன்.

4

நேரில் போய்ப் பார்த்தேன். வாடகைக்கு எடுத்த கொட்டகை. ஒரு பக்கம் லாரி நின்றது, தோலுரித்த மாதிரி. கேபினுக்குப் பின்னால் இரண்டு நீளமான இரும்புச் சட்டங்கள், நடுவே குறுக்குச் சட்டங்கள். லாரிக்காரர்கள் அதைச் சேசிஸ் என்கிறார்கள். லாரியின் முதுகெலும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கம், தரையில், அந்தச் சேசிஸின் அளவுக்கே நூல் பிடித்துச் செங்கல்லை இடுப்பளவு அடுக்கி வைத்திருந்தார் அத்தான். காகிதத்தில் பிளான் போட்டுப் பழக்கமில்லாத மனிதர். "இது கட்டில். இது அடுப்பு. இது பாத்ரூம். இது அலமாரி" என்று கம்பால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அக்காவின் கையில் குக்கரைக் கொடுத்து அடுப்பிலிருந்து கட்டில் வரைக்கும் நடக்கச் சொன்னார். அக்கா திரும்பினாள். பாத்ரூம் சரிந்து விழுந்தது.

"பாத்ரூம கொஞ்சம் தள்ளிக்கணும்" என்றார்.

"என்னை இளைக்கச் சொல்றார். அத எப்படிச் சுத்தி வளைச்சுச் சொல்றார் பாரு" என்றாள் அக்கா.

அன்றைக்கு அங்கே இரண்டு விஷயத்தில் முடிவு ஏற்படவில்லை. முதல் பயணம் எங்கே? அத்தான் மலை என்றார், அக்கா கடல் என்றாள். வாக்குவாதம் முற்றி, கடைசியில் என் தலையில் கட்டினார்கள். "நீதான் கதை எழுதுறியே. அதுல எங்க போய்ச் சேர்றோம்னு எழுதி முடி. படிச்சுட்டு அங்கயே போறோம். அதுவரைக்கும் வண்டிய எடுக்க மாட்டேன்" என்றார் அத்தான். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சொன்ன சொல்லிலிருந்து ஒரு நூல் அளவுகூட விலக மாட்டார்.

இரண்டாவது, வீட்டைச் சேசிஸின் மேல் எப்படி உட்காரவைப்பது. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில், சுற்றிலும் இறுக்காதீர்கள், முன்பக்கத்துக்கு ஸ்பிரிங் கொடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அத்தான் ஸ்பிரிங்கை வாங்கியும் வைத்திருந்தார். மனசுதான் ஒப்பவில்லை.

"வீடுன்னா அஸ்திவாரத்தோட ஒட்டி நிக்கணும். ஸ்பிரிங் மேல இருந்தா அதுக்குப் பேரு மெத்தை."

எனக்கு இந்த வசனம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஊருக்குத் திரும்பியதும் எழுதினேன்: "ஓர் இடம் விடாமல் சுற்றிலும் போல்ட் போட்டு முறுக்கினார். இனி வீடும் லாரியும் இரண்டல்ல, ஓருடல்." அந்த 'ஓருடல்' இருக்கிறதே, அதை நினைத்து நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன். அதுவரை எழுதியதை அக்காவுக்கு அனுப்பினேன். அத்தானும் வாங்கிப் படித்தாராம். மறுபடியும் படித்தாராம்.

5

அதற்குப் பிறகு கதை படுத்துவிட்டது. வீடு கட்டினார்கள், கிளம்பினார்கள். சரி, அதற்கென்ன? ஏதாவது நடக்க வேண்டும்.

[இந்த இடத்தில் ஒரு திருடனைக் கொண்டுவந்தேன். திருட ஒன்றுமில்லாததால் போய்விட்டான்.]

எங்கள் எதிர்வீட்டில் கட்டட வேலை நடக்கிறது. மணல் கொண்டுவந்த லாரி, முன் சக்கரம் ஒன்றை நடைபாதைமேல் ஏற்றி நின்றது. ஜன்னலிலிருந்து பார்த்த எனக்குப் பகீர் என்றது. கேபின் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, மணல் பெட்டி சாயவே இல்லை. நடுவில் அந்த இரும்பு, பிழிந்த ஈரத்துணி மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கிறது. டிரைவர் பாட்டுக்கு டீ குடித்துக்கொண்டிருந்தார். லாரி இறங்கியதும் இரும்பு ஒன்றுமே நடக்காத மாதிரி நிமிர்ந்துகொண்டது.

முறுக்கிக்கொடுப்பதுதான் அதன் பிழைப்பு என்று அப்போதுதான் உறைத்தது. அதன்மேல் ஒரு வீட்டைச் சுற்றிலும் இறுக்கிக் கட்டினால், வீட்டையும் சேர்த்துப் பிழியும். முதலில் எது மாட்டும்? கதவு.

அக்காவுக்காகப் பயப்பட வேண்டிய நான், உச்சகட்டம் கிடைத்துவிட்டது என்று குதித்தேன். உட்கார்ந்த இடத்தில் எழுதி முடித்தேன்: வளைவில் லாரி நிற்கிறது. ஒரு சக்கரம் கல்லின்மேல். உள்ளே அக்கா சமைக்கிறாள். எண்ணெய் தீப்பிடிக்கிறது. கதவுக்கு ஓடுகிறாள். சட்டம் கோணிப்போய்க் கதவைக் கவ்விப் பிடித்திருக்கிறது. வெளியே அத்தான் இழுக்கிறார், உள்ளே அக்கா தள்ளுகிறாள்.

6

போனில் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். நடிப்போடு, ஏற்ற இறக்கத்தோடு. முடித்தேன்.

"அக்கா, இருக்கியா?"

"உனக்கு யாரு சொன்னா?"

"என்ன சொன்னா?"

"கதவு. வீடு கட்டி மேல ஏத்தியாச்சுல்ல, முந்தாநாள் கொட்டகை வாசல் படியில ஒரு சக்கரத்த ஏத்தி நிறுத்திப் பார்த்தார். நான் உள்ள இருந்தேன். தொறக்க வரல. தட்டினேன், கத்தினேன். வண்டிய அவர் இறக்கினதும் தானா தொறந்துச்சு. பெயிண்ட் காயலன்னார். அப்புறம் இழைப்புளி எடுத்துக் கதவோட ஓரத்த இழைச்சுட்டார்."

நான் இட்டுக்கட்டியது. எனக்குத் தெரிந்து இட்டுக்கட்டியது. கதவு பிடித்தால் கதவைத்தான் இழைப்பார், முப்பது வருஷமாக வீடு கட்டுகிறவர். வீடே கோணுகிறது என்று எந்த வீட்டில் பார்த்திருக்கிறார்?

"ஸ்பிரிங் வாங்கி வச்சிருந்தாரே, அத போடலையா?"

"எங்க போட்டார்? மூலையில கிடக்கு."

அத்தான் போனை வாங்கினார். நான் மணல் லாரியைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"ஏம்மா, நீதானே எழுதின, சுத்தி போல்ட் போட்டு முறுக்கினார்னு? நான் ரெண்டுங்கெட்டானா நின்னுட்டிருந்தேன். நீ எழுதினத பார்த்ததும்தான் தைரியம் வந்துச்சு. அச்சுல வரப்போறது, நீ நாலு பேர விசாரிச்சுத்தான் எழுதியிருப்பன்னு நெனச்சேன்."

"ஐயோ அத்தான், நீங்க சொன்னதத்தான் நான் எழுதினேன். முப்பது வருஷம் கட்டினவர், தெரிஞ்சுதான் சொல்லுவீங்கன்னு."

அவரை நம்பி நான் எழுதியிருக்கிறேன், என்னை நம்பி அவர் கட்டியிருக்கிறார். நடுவில் உட்கார்ந்து சமைக்கப்போகிறவள் என் அக்கா.

பிறகு அவர் சொன்னதுதான் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

"சரி விடு. நான் கட்டினதுல எங்கயாவது ஒரு விரிசல் பார்த்திருக்கியா? கதவ இழைச்சாச்சு. நீ அந்தக் கட்டத்த மட்டும் மாத்திடு. கதவு தொறந்துச்சுன்னு எழுதி, மலையோ கடலோ, முடிச்சு அனுப்பு. கிளம்பிடுறோம்."

7

முடிவு அ: கதவு திறக்கிறது. கடல் தெரிகிறது. [அனுப்பினால் நாளைக்கே கிளம்புவார்கள்.]

முடிவு ஆ: கதவு திறக்க

[இதை எழுதக் கை வரவில்லை. போன வாரம் வந்தது.]

முடிவு இ: அத்தான் மனம் மாறி ஸ்பேனரை எடுக்கிறார். [எழுதினால், கதையில் கழட்டியாயிற்றே என்று இருந்துவிடுவார்.]

எழுதிய காகிதங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அக்காவின் போன். மெல்லிய குரலில் பேசினாள்.

"பக்கத்துல இருக்கார். கேட்டுக்கோ. நான் வேணாம்னா பயந்துட்டேன்னு சிரிப்பார். நீ கதைய முடிக்காத. நீ முடிக்காம அவர் வண்டிய எடுக்க மாட்டார்."

நம்ப முடியாத கதாபாத்திரம் என்று இவளைத்தானே சொன்னேன். பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்கிறவள், எந்தப் பூட்டு வண்டியை நிறுத்தும் என்று கண்டுபிடித்துவிட்டாள்.

8

இப்போது தினமும் அத்தான் போன் செய்கிறார்.

"முடிச்சிட்டியா?"

"கழட்டியாச்சா?"

"மொதல்ல நீ முடி."

"மொதல்ல நீங்க கழட்டுங்க."

வைத்துவிடுகிறார். நேற்று மட்டும், வைப்பதற்கு முன், "அந்த ஸ்பிரிங் துருப்பிடிக்குது" என்றார். எனக்கு வயிற்றில் கொஞ்சம் பால் வார்த்த மாதிரி இருந்தது.

இதைப் பத்திரிகைக்கு இப்படியே அனுப்பப்போகிறேன். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இவ்வளவு படித்த உங்களுக்குள் ஒரு முடிவு தயாராக இருக்கும். மலையோ கடலோ, அதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகைக்குக் கடிதம் போட்டுவிடாதீர்கள். பையில் இரும்புக்குண்டோடு ஒருவர் வந்து உங்கள் வீட்டுப் படத்தை நிமிர்த்திவிட்டு, "அந்தக் கதை எப்படி முடிஞ்சிருக்கும்?" என்று கேட்டால், தெரியாது என்று சொல்லிவிடுங்கள். அவரும் இதைப் படிப்பார். அத்தான், கடைசி போல்ட்டைக் கழட்டிவிட்டுப் போன் செய்யுங்கள், மீதியைச் சொல்கிறேன். கதை இதுவரைக்கும்தான் வந்திருக்கிறது:

அக்கா கைப்பிடியில் கை வைத்தாள். அழுத்தினாள். கதவு