எந்தக் கைப்பந்து?

அருள்தாசுக்கு உத்திரமேரூர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்ததே பெரிய அதிசயம். அறுபத்திரண்டாம் வருஷம் அது. அவன் வம்சத்தில் அதுவரை எல்லோருக்கும் அடுத்தவன் கழனியில்தான் வேலை. தலைமையாசிரியர் எத்திராஜ் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்.

"கைப்பந்து டீமை ரெடி பண்ணு. வாலாஜாபாத் போட்டியில நம்ம மானத்தக் காப்பாத்திட்டன்னா வேல பர்மனெண்டு. இல்லன்னா வேற வழி பாத்துக்க."

இதில் குழம்ப என்ன இருக்கிறது? பட்டணத்தில் உடற்பயிற்சி படித்தபோது, வெளிநாட்டிலிருந்து வந்த வாத்தியார் ஒருவர் ஹேண்ட்பால் என்று ஓர் ஆட்டம் கற்றுக்கொடுத்திருந்தார். பந்தைக் கையால் பிடித்து, ஓடி, எறிந்து கோல் போட வேண்டும். ஹேண்ட் என்றால் கை, பால் என்றால் பந்து. இதற்கு அகராதியா பார்ப்பார்கள்?

குழப்பம் வலையில்தான் ஆரம்பித்தது. இரண்டு வலை கேட்டான். "கைப்பந்துக்கு ரெண்டு வலையா? தமாஷ் பண்றியா?" என்று தலைமையாசிரியர் ஒன்றைத்தான் கொடுத்தார். அதுவும் நீளமாக, குள்ளமாக இருந்தது. தர்க்கம் பண்ணினால் வேலைக்கு ஆபத்து என்று பயந்து, அருள்தாஸ் அதை நடுவில் வெட்டி மைதானத்தின் இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டான். ஏரிக்கரைப் புழுதிக்குப் பயந்த தலைமையாசிரியரோ மைதானத்துப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை.

பையன்களைச் சும்மா சொல்லக்கூடாது. "பந்து கைய வுட்டுப் போச்சுன்னா தோல உரிச்சிடுவேன்" என்று அவன் மிரட்டிய மிரட்டலில், வந்த பந்தையெல்லாம் உடும்புப் பிடியாகப் பிடித்தார்கள்.

வாலாஜாபாத்தில் போய் இறங்கினால், வலை களத்தின் நடுவே, தலைக்கு மேலே கட்டியிருந்தது. எதிர்க் கட்சிப் பையன்கள் பந்தைத் தட்டித் தட்டி அனுப்பினார்கள். வாலிபால்! வாலிபால் அருள்தாசுக்கும் தெரியும்தான். ஊரே அதைத்தான் கைப்பந்து என்று சொல்லுமென்று எவன் கண்டான்?

ஆட்டம் ஆரம்பித்தது. உத்திரமேரூர்ப் பையன்கள் ஒரு பந்தையும் விடாமல் அழகாகப் பிடித்தார்கள். பிடித்தபோதெல்லாம் நடுவர் விசில் ஊதினார்.

"புடிக்காதீங்கடா! வுட்டுடுங்கடா!" என்று கத்தினான் அருள்தாஸ்.

கேப்டன் முனிரத்தினம் பந்தை மார்போடு அணைத்தபடி திரும்பிப் பார்த்தான். "நீங்கதான சார் வுடாதன்னு சொன்னீங்க?" பாவம், அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

தோற்ற பிறகு எத்திராஜ் கத்தவில்லை. அதுதான் கொடுமை. நடந்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிய்யா, உன் கைப்பந்துக்கு எந்த ஊர்ல போட்டி வெக்கிறாங்க? சொல்லு, அங்க இட்டுக்கினு போறேன்" என்றார்.

அருள்தாஸ் யோசித்து யோசித்துப் பார்த்தான். ஒரு ஊரும் தட்டுப்படவில்லை.

"அப்ப நாளையிலேர்ந்து வராத" என்றார்.

வீட்டு வாசலிலேயே அவன் மனைவி ஞானசுந்தரி காத்திருந்தாள். "இன்னாய்யா, வேல கீதா, போச்சா?"

"கைப்பந்து வாத்தியார் வேல போச்சு. நான் கைப்பந்தே சொல்லித் தரலியாம்."

"அப்ப ஒரு வருசமா பசங்களுக்கு இன்னாதான் சொல்லித் தந்த?"

"கைப்பந்து" என்றான் அருள்தாஸ். சொல்லிவிட்டு, தான் சொன்னது சரிதானா என்று அவள் முகத்தையே பார்த்தான்.